நைனாவோடு ஓர் ஆமை நடை

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் நடக்கிறார்கள் என்றால் எங்க காசிமேட்டில் சிரிப்பார்கள். ஆனால் நிஜம். 1988-இல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடத்தும் ஆமை நடை அது. குளிர்காலம் பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். நாய் தோண்டாமல் எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைத்தால், சுமார் 45 நாளில் குஞ்சு. ராயபுரத்தில் அதற்கு வழியில்லை. எங்க கரை முழுக்கக் கல் கொட்டியாச்சு.

இந்தத் தை மாதம் நைனா, அம்மா, தங்கச்சி எல்லோரையும் அழைத்துப் போனேன். நைனா விசைப்படகுத் தொழிலாளி. வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். மணலில் ஆமைத் தடத்தை முதலில் காட்டியது நைனாதான். கூட வந்த பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். (பெருமையாகத்தான் இருந்தது!)

"அங்கிள், வலையில மாட்டினா?" என்றாள் ஒரு சிறுமி.

"அதுக்கும் மூச்சு விட மேல வரணும்மா. இழுவலைய தூக்க நேரமாச்சுன்னா..." மீதியை நைனா சொல்லவில்லை.

2025 ஜனவரியில் சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை தப்பிக்க வலையில் கம்பிச் சட்டம் வைக்கலாம். மீனும் தப்பிவிடுமே என்பது படகுக்காரர்கள் பயம். மீன் குறைந்தால் நைனாவின் பங்கு குறையும். அந்தப் பங்கில்தான் என் ஃபீஸ்.

நான் மெக்கானிக்கல். சட்டத்தை வரைந்து நைனாவிடம் காட்டினேன். "கம்பி இன்னும் சாய்வா இருக்கணும்டா, இல்லாட்டி குப்பை அடைச்சிக்கும்" என்றார்.