13-10: லிங்கன் நகரை வாட்டிய எண்

அமெரிக்கா போகிறேன் என்றால் "நியூயார்க்கா, லாஸ் ஏஞ்சலஸா?" என்றுதான் கேட்பார்கள். நான் நெப்ராஸ்கா என்றதும் எங்கள் வானொலி நிலையத்தில் பலருக்குப் புருவம் உயர்ந்தது. நாட்டின் நடுப்பகுதியில், சோள வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த மாநிலம் அது. சித்தி மகன் அங்கே ஒமாஹா நகரில் வேலை செய்கிறான். 2023 நவம்பரில் போயிருந்தபோது, "அக்கா, இந்த ஊரைப் புரிஞ்சுக்கணும்னா ஒரு ஆட்டம் பார்க்கணும்" என்று தலைநகர் லிங்கனுக்கு அழைத்துப் போனான். காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

லிங்கனில் முதலில் கண்ணில் படுவது மாநிலச் சட்டமன்றக் கட்டடம். 400 அடி உயரக் கோபுரம். அதன் உச்சியில் விதை விதைக்கும் ஓர் உழவரின் சிலை. அடுத்தது மெமோரியல் ஸ்டேடியம். 1923-இல் திறக்கப்பட்ட இந்த அரங்கில் 85,000-க்கும் மேற்பட்டோர் உட்காரலாம். ஏறக்குறைய நம் புக்கிட் ஜாலில் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே விளையாடுவது தேசிய அணி அல்ல, பல்கலைக்கழக மாணவர்கள்! 1962 நவம்பரிலிருந்து இங்கு நடந்த ஒவ்வோர் ஆட்டத்திற்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்திருக்கிறது.

காரணம் எளிது. நெப்ராஸ்காவில் பெரிய தொழில்முறை அணி எதுவும் இல்லை. ஆகவே 'ஹஸ்கர்ஸ்' எனப்படும் இந்த மாணவர் அணிதான் மாநிலத்துக்கே பிள்ளை. 5 முறை தேசிய வெற்றியாளர், கடைசியாக 1997-இல். அதன் பிறகு மெல்ல மெல்லச் சரிவு. 12 ஆட்டங்களில் 6 வென்றால்தான் பருவ இறுதியில் நடக்கும் 'பௌல்' ஆட்டத்துக்கு வழக்கமாகத் தகுதி கிடைக்கும். 2016-க்குப் பிறகு அதுவும் எட்டவில்லை. நாங்கள் போன நாளில் கையில் 5 வெற்றி. மிச்சம் ஒரே ஓர் ஆட்டம், பக்கத்து மாநிலமான அயோவாவுடன்.

பந்து கைமாறினால் என்ன ஆகும்?

அமெரிக்கக் காற்பந்து நாம் பார்க்கும் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், வீசுவார்கள். 4 முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் 4 முயற்சி. இடையில் பந்து கைநழுவி எதிரணி எடுத்துக்கொண்டாலோ, வீசிய பந்தை எதிரணி பிடித்துவிட்டாலோ, அதுதான் 'டர்ன்ஓவர்'.

இதில் இழப்பு ஒன்றல்ல, மூன்று. நம் வாய்ப்பு போகிறது. எதிரணிக்குப் பல நேரங்களில் நம் எல்லைக்குப் பக்கத்திலேயே பந்து கிடைக்கிறது. அப்போதுதான் மூச்சு வாங்க உட்கார்ந்த நம் தற்காப்பு வீரர்கள் மறுபடி எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் பயிற்றுநருக்கே பந்தை வீசச் சொல்லப் பயம் வந்துவிடும். அந்தப் பயத்தை எதிரணி உடனே மோப்பம் பிடித்துவிடும்.

40 புள்ளி எடுக்கும் அணி ஒன்றிரண்டு பந்தைத் தொலைத்தாலும் தாங்கும். 10 புள்ளிக்கே திணறும் அணி தாங்காது. வசதியான வீட்டில் 50 வெள்ளி தொலைந்தால் வருத்தம். அன்றாடம் காய்ச்சி வீட்டில் தொலைந்தால் அந்த வாரச் சாமான் வாங்க வழியில்லை. அதே கதைதான்.

2023-இல் நெப்ராஸ்கா 31 முறை பந்தைப் பறிகொடுத்தது. எதிரணிகளிடமிருந்து பறித்ததைவிட இது 17 அதிகம். முதல் பிரிவின் 133 அணிகளில் கடைசி வரிசைக் கணக்கு இது. மின்னசோட்டாவுடன் முதல் ஆட்டத்தில் 4 முறை பறிகொடுத்து, கடைசி உதையில் 13-10 எனத் தோல்வி. நவம்பரில் மேரிலாந்துடன் 5 முறை; மறுபடியும் கடைசி உதை, மறுபடியும் 13-10.

அந்தக் கடைசி நிமிடம்

நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. எலும்பைத் துளைக்கும் குளிர். அரங்கம் முழுக்கச் சிவப்புச் சட்டைகள். அயோவாவின் 2 கோல் உதைகளை நெப்ராஸ்கா வீரர்கள் தடுத்துவிட்டார்கள். 10-10 எனச் சமநிலை. ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் அயோவா வீசிய பந்தை நெப்ராஸ்கா பிடித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த முதியவர், முன்பின் தெரியாத என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அடுத்த சில நொடிகளில் நெப்ராஸ்கா வீசிய பந்து அயோவாவின் கைக்குப் போனது. ஒரு நீண்ட ஓட்டம், பிறகு 38 கெஜ தூர உதை. நேரம் முடிந்தது. 13-10.

வானொலியில் 3 விநாடி மௌனம் வந்தாலே எங்களுக்குப் பதறும். அங்கே அத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மௌனமானதைக் கேட்டேன். அந்தப் பருவத்தின் கடைசி 4 ஆட்டங்களிலும் தோல்வி. நான்கையும் சேர்த்தால் வித்தியாசம் வெறும் 16 புள்ளி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான்.

ஆனால் யாரும் நாற்காலியை உடைக்கவில்லை. விளையாட்டாளர்கள் 18, 20 வயதுப் பிள்ளைகள் என்பதை அந்த ஊர் மறக்கவில்லை. வெளியேறிய அயோவா வீரர்களுக்கும் சிலர் கைதட்டினார்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் அந்த முதியவர். மகனிடம் பரீட்சை முடிவைக் கேட்டுவிட்டு அப்பாக்கள் சொல்வார்களே, அதே குரல்.

அடுத்த வருஷமும் வந்தது. 2024 நவம்பர் 23-இல், அதே அரங்கில், விஸ்கான்சினை 44-25 என வென்று 6-வது வெற்றியைத் தொட்டார்கள். டிசம்பரில் நியூயார்க் பௌல் ஆட்டத்தில் பாஸ்டன் கல்லூரியை 20-15 எனத் தோற்கடித்தார்கள். கோலாலம்பூரில் இருந்தபடி கைப்பேசியில் முடிவைப் பார்த்தேன். பெயர்கூடத் தெரியாத அந்த முதியவருக்காக மனசு நிறைந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பருவம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை. ஒமாஹா விமான நிலையத்தில் இறங்குவது வசதி. 'ரன்சா' என்ற ரொட்டி அங்கே பிரபலம். உள்ளே மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் இருக்கும், வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள். நவம்பர் என்றால் கனத்த குளிர்ச்சட்டை கட்டாயம். அதன் மேல் சிவப்பாக எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் அன்றைக்கு உங்கள் உறவினர்.