மூடன் என்னும் சொல்

பொழிச்சலூரின் தெருக்கள் குறுகலானவை. தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும் எதிரெதிரே வந்து நின்றுவிட்டால், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் இரைச்சலையும் மீறி வசைச்சொற்கள் எழும். கேட்டுப் பழகிய காதுகளுக்கு அவையும் ஹாரன் ஒலி போலத்தான். இத்தகைய ஊரில் குடியிருந்துகொண்டு, சென்ற லெந்து நாட்களில், வசைச்சொல்லை வீட்டைவிட்டு விலக்குவதென்று நாங்கள் தீர்மானித்தோம். புலால் உண்ணாதிருப்பதைக் காட்டிலும் இது எளிது என்றே வீட்டார் அனைவரும் எண்ணினர்.

எவற்றை விலக்குவது என்று பட்டியலிடத் தொடங்கியபோது தமிழாசிரியர்க்குரிய குணம் தலைகாட்டிற்று. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லுமாறு தொல்காப்பியம் விதிக்கிறது. நன்னூல் அதனை இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் அடக்குகிறது. இது அவை நாகரிகம். கேட்போர் முகம் சுளிக்கலாகாது என்பது இதன் நோக்கம். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்து மலைப்பிரசங்கமோ வேறொன்றைக் கேட்கிறது. அங்கே இயேசு கண்டிக்கும் சொற்களில் ஆபாசம் ஏதுமில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவை ‘வீணன்’, ‘மூடன்’ என்றே நிற்கின்றன. எந்த அவையிலும் கூசாமல் சொல்லத்தக்க சொற்கள். ஆயினும் எரிநரகம் என்னும் கடுமொழி ‘மூடன்’ என்பதற்கே சொல்லப்படுகிறது. சொல் எத்துணை அழுக்கானது என்று அப்பகுதி பார்க்கவில்லை. அது யார்மேல் விழுகிறதோ அவன் சகோதரன் என்பதையே பார்க்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் தெருவசையும் வேறுவிதமாகத் தெரிகிறது. சண்டை இரண்டு ஓட்டுநர்களுக்கிடையே. வசை விழுவதோ அங்கில்லாத தாயின்மீதும் சகோதரியின்மீதும். அல்லது சாதியின்மீதும் உடற்குறையின்மீதும். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டனைக்குரியதாக்கிற்று. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே அதில் சேர்த்தது. சட்டத்தின் எல்லை பொதுப் பார்வையோடு முடிகிறது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக் கூடத்தில் பேசுவதற்கு மனச்சாட்சியே காவல்.

வகுப்பறைக்கும் அப்படித்தான். ‘முட்டாள்’, ‘தண்டம்’ போன்றவை எங்கள் தொழிலில் வசையாகவே கருதப்படுவதில்லை; அக்கறையின் அடையாளமாகக்கூடக் கொள்ளப்படுகின்றன. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் மாணவன், தெருவில் கேட்ட வசையைத் தூசுபோல் தட்டிவிட்டு வந்துவிடுவான். ஆசிரியர் வாயிலிருந்து, மரியாதையான குரலில், ‘உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு’ என்று வருவதை அவனால் தட்டிவிட இயலாது. தீப்புண் உள்ளே ஆறிவிடும், நாவின் சூடு ஆறாது என்று வள்ளுவர் சொன்னதை அடக்கமுடைமையில் நடத்துகிறோம். அந்தப் பாடம் முதலில் நடத்துவோர்க்கே உரியது.

வசையே இல்லையென்றால் நகைச்சுவை ஏது என்று நண்பர்கள் கேட்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வீரமாமுனிவர் இதற்கு விடை தந்துவிட்டார். பரமார்த்த குருவின் சீடர்க்கு அவர் இட்ட பெயர்களே மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்! ஒரு பாதிரியார் வசைச்சொற்களை எடுத்து மனிதர்களாக்கி உலவவிட்டார். நாம் சிரிக்கிறோம்; அச்சிரிப்பில் எதிரே நிற்கும் எவனும் கூனிக் குறுகுவதில்லை.

முன்மாதிரி என்பது குறித்தும் ஒரு சொல். லாரி ஓட்டுநரைத் திருத்தப் புறப்படுவது எங்கள் வேலையன்று. வெயிலில் நாள் முழுதும் நெரிசலில் நிற்பவரின் நாவை, மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்போர் அளப்பது எளிது. முன்மாதிரி தேவைப்படும் இடம், நம் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல இயலாதவர் நிற்கும் இடம்: மாணவர், வீட்டு வேலைக்கு வருபவர், பிள்ளைகள்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் மகன்தான் எங்கள் பட்டியலைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். இடக்கரடக்கல் கருதிப் பல சொற்களுக்கு முதலெழுத்து மட்டுமே இருந்தது. ஒரு மாலை, அதன் அடியில் அவனே பென்சிலால் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தான். அதை மட்டும் முழுமையாக எழுதியிருந்தான்: ‘உனக்கெல்லாம்’.

ஈஸ்டர் கழிந்த பின்னும் அத்தாளை நாங்கள் எடுக்கவில்லை.