மலிவு கார்புரேட்டருக்கு ஒரு வக்காலத்து

புல்வெட்டும் இயந்திரத்துக்கு மலிவான மாற்று கார்புரேட்டர் வாங்குவதை ஏதோ பாவம்போலப் பேசுகிறார்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் அது மிதவை, ஊசி, ஜெட் என்று சில பாகங்கள்தான். ஜே.சி. ரோட்டில் வாகன உதிரிபாகம் வாங்கிப் பழகிய பெங்களூருக்கு இதெல்லாம் புதிதா என்ன! ஜெட் துளை துல்லியமாக இராது, பெட்ரோல் குறைவாக வந்து எஞ்சின் சூடேறும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் சிறிது நேரம் ஓட்டி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் தெரிந்துவிடும்: முனை வெளுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள், இளம்பழுப்பு என்றால் பயமில்லை.

கார்புரேட்டர் மக்கர் செய்தால், பெரும்பாலும் குற்றவாளி தேங்கிய பெட்ரோல்தான். 20 சதவீத எத்தனால் பெட்ரோலை 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் தொடங்கிவைத்தார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழசான பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும். புல் வளராத கோடையில் சும்மா நிற்கும் இயந்திரத்தில் கம்பெனி பாகமும் இதற்குத் தப்பாது. ஆகவே வாங்குமுன் கிளீனர் அடித்துப் பாருங்கள். எதை மாட்டினாலும், நிறுத்தி வைக்கும்போது டேங்கைக் காலிசெய்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.