நாற்பதுக்குப் பின் ஒரு கிற்றார்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழியை வாரம் ஒரு முறையேனும் வகுப்பறையில் எடுத்தாளாத ஆசிரியர் நம் நாட்டில் அரியர். சிறுவர்களை ஊக்குவதற்காகச் சொல்லப்படும் இம்மொழி, பெரியவர்களுக்கு நல்லதொரு சாக்காகவும் அமைந்துவிட்டது. வளைய வேண்டிய காலம் கடந்து போயிற்று என்று சொல்லிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்துகொள்வதற்கு இதைவிட வசதியான வாக்கியம் வேறு கிடையாது. ஐம்பதை எட்ட எனக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பட்டம் பெற்று, கல்லூரி ஆசிரியனாகி, மூக்குக் கண்ணாடியும் அணிந்த பின்னர், சென்ற ஆண்டு நான் ஒரு கிற்றார் வாங்கினேன். மின்சாரம் எதுவும் வேண்டாத, மரக்கூடே ஒலியைப் பெருக்கித் தருகின்ற எளிய வகை அது.

அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, “பிள்ளைக்கா மாஸ்டர்?” என்று கேட்காதவர் இல்லை. இலங்கையில் கிற்றார் புதியதோர் அந்நியக் கருவியன்று. ஹப்புத்தளையில் 1943 இல் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அவருடைய மூன்ஸ்டோன்ஸ் குழுவினரும் 1960களில் சிங்களப் பாட்டில் அதற்கொரு நிலையான இடத்தைத் தேடிக் கொடுத்தார்கள். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடல்களால் அதை நம் வீட்டு வாசல்வரை கொண்டுவந்தார்கள். தோட்டத்துக் கலியாண வீடுகளிலும் சுற்றுலாப் போகும் பஸ்களிலும் கிற்றார் ஒலிக்காமலில்லை. ஆயினும் அஃது இளவட்டங்களின் கருவி என்பதே ஊராரின் தீர்ப்பு. நரைத்த தலையும் கிற்றாரும் சேர்ந்து தோன்றினால் சிரிப்பு வருவது இயல்புதானே?

சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று உண்டு. சிறுவன் ஒருவன் கிற்றாரை எடுத்தால், அவன் செவியும் விரலும் கிட்டத்தட்ட ஒரே படியில் நிற்கின்றன. விரல் பிழையாக எழுப்பும் ஓசை அவனுக்குப் பெரிதாக உறுத்துவதில்லை. நாற்பது வயதினனுக்கோ செவி நாற்பது ஆண்டுகளாக நல்ல இசையைக் கேட்டுப் பழகியிருக்கிறது. விரல் மட்டும் இன்று பிறந்தது. தன் கையிலிருந்து வரும் ஓசை எவ்வளவு மோசமானது என்பதை அவனைவிடத் தெளிவாக அறிந்தவர் எவருமில்லை. பெரியவர்கள் கற்பதை நிறுத்திவிடுவது மூளை மந்தத்தினால் அன்று, செவி கூர்மையாக இருப்பதனாலேயே என்பது என் முடிவு. அமெரிக்காவின் பெண்டர் கிற்றார் நிறுவனத்திற்கு 2015 இல் தலைமையேற்ற ஆண்டி மூனி, புதிதாகக் கிற்றார் தொடங்குவோரில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்று சொன்னார். விற்பவரே சொன்ன கணக்கு இது.

இனி விரலின் பாட்டைச் சொல்ல வேண்டும். உருக்குக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு கிற்றாரை இழுத்துக்கொண்டிருக்கின்றன. சாக்கட்டியைத் தவிர வேறொன்றையும் அழுத்தியறியாத விரல் நுனிகளுக்கு அது கடும் தண்டனை. முதல் இரு வாரங்கள் தண்ணீர்க் குவளையைத் தொட்டாலும் எரிந்தது. நைலோன் கம்பி பூட்டிய கிற்றாரில் இழுவிசை குறைவு; வலி தாளாதோர் அதில் தொடங்கலாம். எதுவாயினும் சில வாரங்களில் நுனித்தோல் தடித்துக் காய்த்துவிடும். அதன்பின் வலி இல்லை.

என் விரல்கள் காய்த்த செய்தியை முதலில் கண்டுபிடித்தவர் என் தாயார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கை அவருடையது. பென்சன் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகியும் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் பழைய காய்ப்பு மறையவில்லை. ஒரு மாலை தேநீர்க் கோப்பையை நீட்டியபோது என் இடக்கையைப் பிடித்து, நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “என்னப்பா இது? ஒங் கை காய்க்கக் கூடாதுன்னுதானே ஒன்னையப் படிக்க வச்சேன்?” என்றார். கேலியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அன்றிரவு நான் கிற்றாரைத் தொடவில்லை. மறுநாள் மாலை அவரே, “எங்க, இன்னைக்கு அந்தச் சத்தத்தைக் காணோம்?” என்று கேட்டார்.

எவ்வளவு நேரம் பழகுவது என்பது அடுத்த கேள்வி. யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் மாமனாரைக் கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பார். 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதற் கன்றுகள் நடப்பட்ட அந்த மரத்தை நாள்தோறும் ஆழ வெட்டுவோர் எவருமிலர். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில், பட்டையை மெல்லியதாகச் சீவி விடுவார்கள். சிரட்டை தானாக நிறையும். பேராசைப்பட்டு மிகுதியாக வெட்டினால் பட்டை வறண்டு, பால் நின்றுபோகும். உவமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம். விரலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதாது. நாள்தோறும் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் விரலும் புண்ணாகும், மனமும் புண்ணாகும்.

இதற்கு அறிவியலின் ஆதரவும் உண்டு. பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து அண்டர்ஸ் எரிக்சனும் துணைவர்களும் 1993 இல் வெளியிட்ட கட்டுரையைப் பலரும் ‘பத்தாயிரம் மணி நேரம்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிவிட்டார்கள். அதே கட்டுரையில், மிகச் சிறந்த மாணவர்கள் பயிற்சியைப் பகுதி பகுதியாகப் பிரித்து இடையில் ஓய்வெடுத்தனர், ஏனையோரைவிட அதிகம் உறங்கினர் என்றும் காணப்படுகிறது. 2002 இல் மத்தியூ வோக்கரும் உடன் ஆராய்ந்தோரும் விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்களைச் சோதித்தபோது, ஓர் இரவு உறங்கி எழுந்த பின் அவர்களுடைய வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. நேற்று மாலை எவ்வளவு முயன்றும் வாராத விரல் மாற்றம் இன்று காலை தானே வந்து நிற்பதன் இரகசியம் இதுவே. கற்பவன் உறங்குகிறான், கை உறங்குவதில்லை.

கிற்றாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், கண்ணில் படும்படி சுவரில் மாட்டுவதும் பெரிய உதவி. பெட்டியைத் திறக்கும் சோம்பலிலேயே பாதிப் பயிற்சிகள் அழிந்துபோகின்றன. ஆனால் எம்மூரில் இதற்கொரு தடை உண்டு. ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில் கம்பி துருப்பிடிக்கும். மரம் ஈரமுறிஞ்சி உப்பும். உப்பினால் கம்பி மேலெழும்பி, விரல் இன்னும் வலிக்கும். ஆதலால் மழைக்காலத்தில் மட்டும் பெட்டிக்குள் சிலிக்காப் பொட்டலங்களோடு அதை உறங்க வைக்கிறேன். பக்கத்து லயத்தில் தப்பு வாசிக்கும் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். “நாங்க தப்பை நெருப்புல காய்ச்சிட்டு அடிப்போம். நீங்க எதைக் காய்ச்சப் போறீங்க, மாஸ்டர்?” என்றார். தோல் தளர்ந்தால் காய்ச்சி முறுக்கேற்றுவதும், கம்பி தளர்ந்தால் முறுக்காணியைத் திருப்புவதும் ஒரே வேலைதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றுமுதல் சுருதி கலைந்தால் சுவருக்கு அப்பாலிருந்தே சத்தம் போட்டுச் சொல்கிறார்! ஆசிரியருக்குச் சம்பளமில்லாத ஆசிரியர்.

துணைக்கு ஆள் வேண்டுமென்று நினைப்போர் இருவரை நினைத்துக்கொள்ளலாம். ஜோன் ஹோல்ற் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் நாற்பது வயதில் செலோ என்னும் பெரிய நரம்புக் கருவியைக் கற்கத் தொடங்கி, 1978 இல் அதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். கரி மார்க்கஸ் என்னும் உளவியலறிஞர் நாற்பதை நெருங்கும்போது கிற்றார் தொடங்கி, சிறுவர்களுக்கான இசை முகாமில் சிறுவர்களோடு சிறுவராக அமர்ந்து பழகினார். 2012 இல் வெளிவந்த அவர் நூலில் அந்த அனுபவம் விரிகிறது. இருவரும் பெரும் வித்துவான்கள் ஆகவில்லை. அதனால்தான் அவர்களை எனக்குப் பிடிக்கும். கற்பிப்பவர் மீண்டும் கற்பவராக அமர்ந்தால், பின்வாங்கில் ஒரே கணக்கைப் பத்து முறை அழித்தெழுதும் பையனின் முகம் வேறுவிதமாகத் தெரியும். இப்போது அவனிடம் நான் பழமொழி சொல்வதில்லை.

ஆனால் நேர ஒழுங்கும் ஆராய்ச்சியும் ஓரளவுக்கே கைகொடுக்கும். மாதக்கணக்கில் விரற்பயிற்சி மட்டும் செய்வோர் சலித்துப்போவது உறுதி. முதல் வாரத்திலேயே கைக்குள் ஒரு பாட்டு வேண்டும். எனக்கு அகப்பட்டது என் தாயாரின் தாலாட்டு. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் அரிதின் தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் போன்றது அதுவும். எங்கள் லயத்தில் அதை முழுதும் அறிந்தவர் இன்று என் தாயார் ஒருவரே. அவருக்கும் இடையில் சில அடிகள் நழுவத் தொடங்கிவிட்டன. கிற்றார் வாசிப்போர் ‘கோட்’ என்று சொல்லும் சுரக்கூட்டு இரண்டே இரண்டு போதும் அப்பாட்டுக்கு. ஆறு கம்பிகளையும் ஒரு விரலால் அழுத்தச் சொல்லும் ‘எஃப்’ இன்றுவரை எனக்கு வசப்படவில்லை. வசப்படாவிட்டாலும் தாலாட்டுக்குக் குறைவில்லை.

மாலையில் அவர் திண்ணையில் அமர்ந்து பாடுகிறார், நான் வாசிக்கிறேன். மறந்த அடி வந்தால் முனகலாக ஒப்பேற்றுகிறார். சில நாட்களில் கிற்றார் அவ்விடத்தைக் கடந்துபோகும்போது அடி தானாக அவர் வாய்க்கு வந்துவிடுகிறது. வந்ததை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். முதற் சுரக்கூட்டிலிருந்து இரண்டாவதற்கு என் விரல்கள் தாவுவதற்கு இன்னும் ஒரு கணம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்த இடம் வரும்போது என் தாயார் சொல்லின் கடைசி எழுத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு, என் கையைப் பார்த்தபடி, விரல்கள் வந்து சேரும்வரை காத்திருக்கிறார்.