மண் எங்கிருந்து வந்தது?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சிறிய யூனிட் ஒன்றை நடத்திவந்தவர் என் கட்சிக்காரர். சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். சுட்ட களிமண்ணில் கைக்கடக்கமான கிண்ணங்கள் செய்வார். வெளிமாநில நிறுவனம் ஒன்று அவற்றை வாங்கி, நறுமண மெழுகை ஊற்றி, மெழுகுவத்தியாக ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்யும். சரக்கு போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகியும் பணம் வரவில்லை. போன் பண்ணிப் பண்ணி ஓய்ந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. 'உங்கள் களிமண் சட்டவிரோதமாக எடுக்கப்பட்டது. எங்கள் கொள்முதல் நெறிமுறையை மீறிவிட்டீர்கள். பணம் தர இயலாது.'

குற்றச்சாட்டு பொய்யில்லை. வழக்கின் சிக்கலே அதுதான்.

ஏரி, குளங்களில் படியும் வண்டலையும் களிமண்ணையும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி அள்ளிக்கொள்ள, 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் இடமுண்டு. வயலுக்கும் சக்கரத்துக்குமான சலுகை அது. ஆலைகளுக்கு லோடு லோடாக விற்பதற்குக் கொடுத்ததல்ல. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஏரி ஒன்றில், வயதான மண்பாண்டத் தொழிலாளி ஒருவர் பெயரில் வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு, ஒரு தரகர் இரவில் மண் அள்ளித் தொழிற்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் லாரி பிடிபட்டது. மண் யார் யாருக்குப் போயிற்று என்று டிரைவர் சொன்ன பட்டியலில் என் கட்சிக்காரர் பெயரும் இருந்தது.

"நடைச்சீட்டு வாங்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். கனிமத்தை ஏற்றிச் செல்ல அரசு தரும் அனுமதிச் சீட்டு அது.

"மண்ணுக்காரர் கொண்டாந்து கொட்டுவாரு, நான் காசு கொடுப்பேன், அவ்ளோதான் சார். விலை கட்டுப்படியாச்சு. கேக்கல."

"கேட்டிருந்தா?"

"வேற யூனிட்டுக்கு ஓட்டியிருப்பாரு."

வாங்குபவர் கேள்வி கேட்காமல் இருப்பதற்கான காரணம் அந்தப் பதிலிலேயே இருந்தது. ஆனால் சட்டம் அதை ஏற்காது. 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தில் 4(1ஏ) பிரிவு, முறையின்றிக் கனிமத்தை எடுத்துச் செல்வதோடு அதைச் சேமித்து வைப்பதையும் தடுக்கிறது. யூனிட் வாசலில் குவிந்திருந்த மண்ணும் அதற்குள் வரும். 2012இல் தீபக் குமார் வழக்கில், ஐந்து ஹெக்டேருக்கும் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2017 ஆகஸ்டில், ஒடிசா இரும்புத் தாது தொடர்பான காமன் காஸ் தீர்ப்பில், முறைகேடாக எடுத்த கனிமத்தின் முழு மதிப்பையும் வசூலிக்கலாம் என்றது. தாதுவுக்கு ஒரு நியாயம், களிமண்ணுக்கு ஒரு நியாயம் என்று என்னால் வாதாட முடியாது; வாதாட மனமும் இல்லை.

மனம் இல்லாததற்குக் காரணம் அந்த ஏரி. போய்ப் பார்த்தேன். மதகு மட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் மதகு வழியாக வயலுக்கு ஏறாது. கரையின் அடியை ஒட்டியும் வெட்டியிருந்தார்கள். ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் கரை சரியும் அபாயம் அங்கேதான். ஆயக்கட்டு விவசாயி ஒருவர் என்னோடு நடந்து வந்தார். "பூமிய மீட்டுக் கொண்டாந்த பெருமாள் ஊருங்க இது. அந்தப் பூமியத்தான் ராவோட ராவா லாரியில ஏத்துறாங்க" என்றார். பூவராகர் கோயில் கோபுரம் தெரிகிற தொலைவில் நின்று அவர் அதைச் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை.

அரசு கேட்ட மண்ணின் மதிப்பையும் அபராதத்தையும் கட்டிவிடுங்கள், எதிர்த்து வழக்காட வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் சொன்னேன். நகையை அடகு வைத்துக் கட்டினார். அதன்பிறகுதான் அந்த நிறுவனத்தின் பக்கம் திரும்பினேன்.

நெறிமுறை ஆவணம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் அனுப்பிய ஆடிட்டர் தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் பார்த்தார். மண் குவியலைப் பார்க்கவில்லை. ஒரு நடைச்சீட்டைக்கூட எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. மின்னஞ்சல்களைத் தேதி வரிசையில் அடுக்கினேன். நெறிமுறையில் கையெழுத்து வாங்கிய அதே மாதத்தில், கிண்ணத்தின் விலையைக் குறைக்கச் சொல்லிக் கொள்முதல் மேலாளர் எழுதியிருந்தார். சூளைக்கான எரிவாயு விலை ஏறிய சமயத்தில் மறுபடி குறைக்கச் சொன்னார். உரிமம் பெற்ற குவாரி மண்ணின் விலைக்கும் இவர்கள் கொடுத்த விலைக்கும் கணக்குப் போட்டால், முறையான மண்ணில் கிண்ணம் செய்து கொடுக்கவே முடியாது. பொறுப்பான கொள்முதல் என்று பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பது அன்று முதல் என் உறுதியான கருத்து. நிபந்தனையை அனுப்புகிறவர், அதை நிறைவேற்ற ஆகும் செலவையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் கவுன்சிலில் மனுப் போட்டோம். ஆர்டர் வாங்குவதற்கு முன்பே என் கட்சிக்காரர் சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைச் செய்திருந்தார். அது பெரிய பலம். வாங்கியவர் ஒப்பந்தப்படி, எப்படியானாலும் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. சரக்கில் ஆட்சேபம் இருந்தால் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

எதிர்த்தரப்பு வக்கீல் திறமைசாலி. ஒப்பந்தத்தில் மத்தியஸ்தப் பிரிவு இருக்கிறது, எங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும் என்றார். அந்தக் கதவை 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சாத்திவிட்டது. இந்தச் சிறப்புச் சட்டமே மேலோங்கும். நற்பெயர் கெட்டது என்று எதிர்க்கோரிக்கையும் வைத்தார். சில்பி இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்புப்படி அதை அங்கே விசாரிக்கலாம் என்பதால் நான் தடுக்கவில்லை. கடைசியாக, மண் சட்டவிரோதம் என்றால் ஒப்பந்தமே செல்லாது என்றார்.

"கிண்ணங்களைத் திருப்பி அனுப்பினீர்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அனுப்பவில்லை. எல்லாமே கப்பலேறி விற்றுப்போயிருந்தன. விற்ற காசு அவர்களிடம் வந்துவிட்டது. அந்தக் காசில் மட்டும் மண்ணின் குற்றம் ஒட்டவில்லை போலும் என்று வாதத்தில் கடுமையாகவே சொன்னேன். 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஜெர்மன் விநியோகச் சங்கிலிச் சட்டம் நம் கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதை எடுத்துக் காட்டினேன். தகுந்த கொள்முதல் நடைமுறைகளை உருவாக்கிச் செயல்படுத்த வேண்டிய கடமையை அந்தச் சட்டம் வாங்கும் நிறுவனத்தின் மேல்தான் வைக்கிறது. பொறுப்பான கொள்முதலின் பேரைச் சொல்லி இங்கே ஒரு சிறு யூனிட்டின் பணத்தை நிறுத்திவைப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதம்.

சமரசக் கட்டத்திலேயே முடிந்தது. அசல் முழுவதும், வட்டியில் ஒரு பகுதியும் வந்தன. புது ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதவைத்தோம்: உரிமம் பெற்ற மண்ணை அடிப்படையாக வைத்துக் கிண்ணத்துக்கு விலை, ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டின் நகல், 45 நாளில் பணம். விலையை மட்டும் எழுத்தில் ஏற்க அவர்கள் வெகுநேரம் தயங்கினார்கள். நாங்கள் விடவில்லை.

இதில் எந்தப் பேரமும் பேசாத ஒருவர் இருந்தார். லாரி பிடிபட்டதும் முதல் நோட்டீஸ் போனது அனுமதியில் பெயர் இருந்த மண்பாண்டத் தொழிலாளிக்குத்தான். தன் பெயரில் எத்தனை லோடு போயிற்று என்றே அவருக்குத் தெரியாது. சக்கரத்துக்கு மண் கிடைக்கும் என்று சொல்லித் தரகர் கைநாட்டு வாங்கியிருந்தார். அவருக்காகத் தனியாக மனு எழுதிக் கொடுத்தேன். என் கட்சிக்காரரும் கூடவே வந்து, மண்ணுக்குக் காசு கொடுத்தது தரகருக்கே என்று வாக்குமூலம் தந்தார். பெரியவர் பெயர் நீங்கியது. பொங்கல் பானைக்கு மண் எடுக்கப் புது அனுமதியும் கிடைத்தது. ஏரிப் பள்ளத்தைச் சமன்செய்து கரையைப் பலப்படுத்தக் கேட்டு ஆயக்கட்டு விவசாயிகள் கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதையும் நான்தான் நடத்துகிறேன்.