கேட்காமல் அளித்த தீர்ப்பு



"ஹஜ்ரத் பாரபட்சம் காட்டுகிறார்கள்" என்னும் முணுமுணுப்பு ஒருமுறை என் வகுப்பில் எழுந்தது. பார்வைக் குறைவுள்ள மாணவன் ஒருவனை நான் முன்வரிசையில் நிரந்தரமாக அமர்த்தியதே காரணம். கரும்பலகை தெரியாதவனுக்கு அருகில் இடம் தருவதே நீதி என்று விளக்கினேன். பிள்ளைகள் ஏற்றுக்கொண்டனர். நானும் என்னை நீதிமான் என்றே எண்ணிக்கொண்டேன்.

அந்த எண்ணம் நீடிக்கவில்லை. ஆண்டு விழாவில் கிராஅத் ஓத மாணவர்களைத் தேர்ந்தெடுத்தபோது, திக்குவாய் உள்ள சிறுவன் ஒருவனும் கை உயர்த்தினான். "உனக்கு வேண்டாம் தம்பி, சபையில் சிரமப்படுவாய்" என்று கூறிவிட்டேன். அதை இரக்கம் என்றே கருதினேன்.

சில நாட்கள் கழித்து, மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் ஓரத்திலிருந்து தங்குதடையற்ற ஓதல் கேட்டது. எட்டிப் பார்த்தேன், அவனேதான்! பேசும்போது திக்குபவர்களில் பலருக்கு இராகத்தோடு ஓதும்போது திக்குவதில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். "ஏனப்பா அன்றே சொல்லவில்லை?" என்றேன். "நீ... நீங்கள் கேட்கவே இல்லையே, ஹஜ்ரத்" என்றான்.

தம் நாவின் தடையை இறைவனிடம் முறையிட்ட மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் போதிப்பவன் நான். அவர்களிடமிருந்து தூதுப்பணி பறிக்கப்படவில்லை. துணையாக ஹாரூன் நபி (அலை) அவர்கள் அளிக்கப்பட்டார்கள். நானோ துணை தரவில்லை, வாய்ப்பையே பறித்தேன்.

நம் நாட்டின் சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருக்கிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கி அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அதே பிரிவில் 1951-இல் செய்யப்பட்ட திருத்தம், கல்வியிலும் சமூகத்திலும் பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடமளிக்கிறது. முன்னது கதவடைப்பதைத் தடுக்கிறது. பின்னது கைகொடுக்கச் சொல்கிறது.

ஆக, வேறுபடுத்துவதெல்லாம் அநீதியன்று. அவனை ஓதச் செய்து கேட்டபின், உச்சரிப்பில் பிழை கண்டு விலக்கியிருந்தால் அது நியாயமே. கிராஅத்துக்கு ஓதலே அளவுகோல். நான் அளந்ததோ அவன் பேச்சை. காரணம் அந்தப் பணிக்குரியதா? அதை நாமே சோதித்தறிந்தோமா? இவ்விரு வினாக்களுக்கும் விடையில்லாத முடிவு, இரக்கத்தின் ஆடை அணிந்து வந்தாலும் தப்பெண்ணமே.

அன்றிரவே பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தேன். விழாவில் முதலாவதாக ஓதியவன் அவனே.

பெண் பார்க்கும்போதும், வேலைக்கு ஆள் தேடும்போதும், பெற்ற பிள்ளைகளை எடைபோடும்போதும், நாம் கேட்காமலே அளித்த தீர்ப்புகள் எத்தனை? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.