பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கும் ஒரு கணக்கு உண்டு

பொங்கலூர், பல்லடம் பக்கம் யாருடைய கறிக்கோழி ஷெட்டுக்குப் போனாலும் உள்ளே ஓர் அட்டை தொங்கும். குஞ்சு விட்ட தேதி, இன்றைக்குச் செத்தது எத்தனை, தீவனம் எத்தனை மூட்டை, எடை எவ்வளவு என்று நாள் தவறாமல் அதில் எழுதியிருப்பார்கள். கம்பெனி சூப்பர்வைசர் வந்ததும் முதலில் பார்ப்பது அந்த அட்டையைத்தான். நானும் ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். தினம் ரெண்டு மூன்று சாகிற இடத்தில் ஒருநாள் பத்து செத்துவிட்டால், அன்றைக்கே தண்ணீர் டேங்கைத் திறந்து பார்த்துவிடுவோம். தண்ணீருக்கு மருந்து போட்டோமா, நிப்பிள் குழாயில் பாசி பிடித்திருக்கிறதா என்று தேடுவோம்.

அப்படி ஓர் அட்டை நம் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கும் வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

போன புரட்டாசியில் எங்கள் ஊரில் காய்ச்சல் சுற்றி வந்தது. சின்ன வெங்காயம் பிடுங்குகிற சமயம். தாள் அறுக்க வருகிற எட்டுப் பெண்களில் நாலு பேர் படுத்துவிட்டார்கள். பிடுங்கிய காய் காட்டில் கிடக்கும்போதே மழை வந்துவிட்டது. பட்டறை போட்டு விலை பார்த்து விற்கலாம் என்று வைத்திருந்த வெங்காயத்தை, வந்த விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. எனக்கு நஷ்டம் அதோடு போயிற்று. படுத்த பெண்களில் ஒருவருடைய மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் கணக்கில்தான் சம்பளம். அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்த ஒரு வாரத்துக்கு அவளுக்குக் கூலி இல்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ரெண்டு சம்பளம் நிற்கிறது.

அடுத்து நடந்த கிராம சபையில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "போன வருசம் நம்ம ஊராட்சிக்கு எத்தனை கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கினோமுங்க?"

கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. குடிதண்ணீரில் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கச் சொல்கிறார்கள். 30,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு தடவை நிரப்பும்போது 120 கிராம். எங்கள் ஊராட்சியில் அந்த அளவில் மூன்று தொட்டிகள். தினம் ஒரு தடவை நிரப்பினாலே நாளைக்கு 360 கிராம், வருசத்துக்கு 131 கிலோ வருகிறது. 25 கிலோ மூட்டையில் ஐந்து மூட்டைக்கு மேல் வேண்டும். ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துச் சொன்னது ரெண்டு மூட்டை. அப்படியானால் வருசத்தில் பாதிக்கும் மேற்பட்ட நாள் வெறும் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறோம் என்று கூட்டத்துக்கே புரிந்துவிட்டது.

எல்லோரும் தொட்டி ஆபரேட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தயங்கித் தயங்கித்தான் பேசினார். "மூட்டை தீர்ந்துபோச்சுன்னு எழுதிக் கொடுத்தா, அடுத்தது வர ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகுதுங்க. நான் எங்கீங்க போயி வாங்கிப் போடறது?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றைக்கே தீர்மானம் எழுதினோம். ஒரு மூட்டை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியடியிலும் குளோரின் போட்ட தேதியையும், தொட்டி கழுவிய தேதியையும் எழுதி வைக்க வேண்டும். ஆளைத் திட்டிவிட்டு வந்திருந்தால் இது நடந்திருக்காது. கணக்குக் கேட்டதால்தான் கோளாறு எங்கே என்று தெரிந்தது.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று சிலர் நினைக்கலாம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் வந்த பதினோராவது அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் குடிநீர், சுகாதாரம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, ஊராட்சியின் திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் கொடுக்கிற பொறுப்பைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. கிராம சபை என்பது ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருசத்துக்கு ஆறு கூட்டம். வரவு செலவைக் காட்டுகிற படிவம் 30-ஐ அங்கே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், படித்துக் காட்டவும் வேண்டும். காபி குடித்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோமே, அந்தக் கையெழுத்து இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

பணம் இல்லை என்று சொன்னால் அதற்கும் பதில் உண்டு. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் நூற்றுக்கு அறுபது ரூபாயை வேறெதற்கும் திருப்ப முடியாது. முப்பது ரூபாய் துப்புரவுக்கு. முப்பது ரூபாய் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர் மறுபயன்பாட்டுக்கு. மீதி நாற்பதுதான் ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவழிக்கக் கூடியது. இதுபோக நாடு முழுவதும் உள்ளாட்சிகள் வழியாக மருத்துவ வசதிகளுக்கென்று 70,051 கோடி ரூபாயைத் தனியே பரிந்துரைத்தது அதே நிதிக்குழு. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் கிராம சுகாதாரம், தூய்மை மற்றும் ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று உண்டு. தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் 2005-இல் வந்தபோது இந்தக் குழுவுக்கு வருசம் 10,000 ரூபாய் வரை கட்டில்லா நிதி என்று வைத்தார்கள். உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று நர்சம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பட்ஜெட்டில் சுகாதாரம் என்று எழுதியிருக்கிற வரியை மட்டும் பார்த்தால் போதாது. டெங்குவைப் பரப்புகிற கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஒரு ஊருக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள் என்றால், ஒவ்வொரு வீட்டிலும் டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் பத்து நாள் தண்ணீர் நிற்கும். கொசுவுக்கு வேண்டிய அவகாசத்தை நாமே அளந்து கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. புகை அடித்தால் பறக்கிற கொசு சாகும், டிரம்மில் இருக்கிற புழு சாகாது. ஒரு கேட்வால்வை மாற்றி, ஒரு மோட்டாரைச் சரிசெய்து நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட முடிந்தால், டிரம்மைத் தேய்த்துக் கழுவிப் பிடிக்க வாய்ப்பு வருகிறது. ஆகவே அந்த வால்வுச் செலவும் காய்ச்சல் செலவுதான். சாக்கடை தூர் வாருவதும், கோழி எருவை மூடி வைக்கச் சொல்வதும் அப்படித்தான்.

ஊராட்சியால் முடியாததும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை என்றால் ஊராட்சி ஒருவரை நியமிக்க முடியாது. நம் மாநிலத்தில் அது பொதுச் சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது. கேரளாவில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களையும் ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டார்கள். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. நம் துறைக்கும் நல்ல பேர் உண்டு. 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. ஆனாலும் மேலிருந்து வருகிற ஏற்பாடு எத்தனை நன்றாக இருந்தாலும், எந்த வீதிக் கடைசிக் குழாயில் குளோரின் வாசம் வரவில்லை என்பது அந்த வீதிக்காரருக்குத்தான் தெரியும்.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2019 டிசம்பரில் நம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துபோயிற்று. பிறகு தனி அலுவலர்கள்தான் பொறுப்பு. இதற்கு முன்பும் 2016 அக்டோபர் முதல் மூன்று வருசத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது. தலைவர், வார்டு மெம்பர் இருந்தால் டீக்கடையில் மடக்கிக் கேட்கலாம். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிற அலுவலரை அப்படிப் பிடிக்க முடியாது, அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. மெம்பர்கள் இல்லாத காலத்தில் கேள்வி கேட்க மிச்சம் இருக்கிற ஒரே மன்றம் கிராம சபைதான். அதற்கும் ஆள் சேர வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும் என்பது விதி.

என்ன கேட்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக, நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிற ஐந்து கேள்விகளைத் தருகிறேன்.

ஒன்று: தொட்டிகளின் கொள்ளளவு எவ்வளவு, வருசத்துக்கு வாங்கிய பிளீச்சிங் பவுடர் எவ்வளவு? மேலே போட்ட கணக்கை உங்கள் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கியது குறைந்தால் போடவில்லை. மிகவும் கூடினால் மூட்டை எங்கே போயிற்று என்று கேட்கலாம்.

இரண்டு: கடைசிக் குழாயில் குளோரின் 0.2 பிபிஎம் இருக்கிறதா? குளோரோஸ்கோப்பில் தண்ணீரைப் பிடித்து மருந்து விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். கூட்டத்திலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்று: கொசுப்புழு பார்க்க வந்தவர்கள் நூறு வீடு பார்த்ததில் எத்தனை வீட்டில் புழு இருந்தது? போன மாதம் எத்தனை, இந்த மாதம் எத்தனை?

நான்கு: துப்புரவுக்கும் குடிநீருக்கும் வந்த மானியம் எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்த வேலைக்கு? இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சிவாரியாகத் திட்டமும் செலவும் இருக்கிறது. காலேஜ் படிக்கிற பிள்ளைகள் செல்போனிலேயே எடுத்துக் கொடுப்பார்கள்.

ஐந்து: அடுத்த வருசத் திட்டத்தில் நம் வீதிக்கு என்ன? கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான வேலை அக்டோபர் 2-ஐ ஒட்டித்தான் தொடங்கும். தை மாதம் போய்க் கேட்டால் பட்டியல் முடிந்திருக்கும்.

பதில் வாயால் வந்தால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். கூட்டம் முடிவதற்குள் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி எழுதிக் கேட்கலாம், 30 நாளில் தர வேண்டும்.

அந்தப் பெண்கள் நாலு பேரும் இப்போது வேலைக்கு வருகிறார்கள். அடுத்த கிராம சபைக்கு அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை அவர்கள் கேட்பதாக ஏற்பாடு. கடைசிக் குழாய் அவர்கள் வீதியில்தான் இருக்கிறது.